மாவுப் புழுவில் கிடைத்த விடை: ஆணா, பெண்ணா என்ற ரகசியத்தை எண்ணிக் கண்டுபிடித்த நெட்டி ஸ்டீவன்ஸ்

எக்ஸ்எக்ஸ் என்றால் பெண், எக்ஸ்ஒய் என்றால் ஆண். ஸ்கூல் பயாலஜியைத் தாண்டி வந்த எவருக்கும் இது தெரியும். பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி, அவ்வளவுதான். ஆனால், இந்த இரண்டு மார்க் பதில் 1905-க்கு முன்பு யாருக்கும் உறுதியாகத் தெரியாது. பெரிய பெரிய விஞ்ஞானிகள்கூட, கர்ப்பமாக இருக்கும்போது அம்மா என்ன சாப்பிட்டாள் என்பதில் விடையைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

விடையைக் கண்டுபிடித்தவர் ஒரு தச்சரின் மகள். 35 வயதில்தான் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தார். டாக்டர் பட்டம் வாங்கிய ஒன்பதே ஆண்டுகளில் இறந்துபோனார். அவர் பெயர் நெட்டி மரியா ஸ்டீவன்ஸ். எக்ஸ், ஒய் தெரிந்த பலருக்கும் இந்தப் பெயர் தெரியாது. அவர் யார், என்ன பார்த்தார், எப்படிப் பார்த்தார்? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் ஒரு குட்டி ரீவைண்ட்: குரோமோசோம் என்றால் என்ன?

நம் உடலின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் (ரத்தச் சிவப்பணு போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர) ஒரு உட்கரு இருக்கிறது. அதற்குள் நீளமான டிஎன்ஏ இழைகள் இருக்கின்றன. செல் இரண்டாகப் பிரியத் தயாராகும்போது இந்த இழைகள் இறுகச் சுருண்டு, குட்டிக் குட்டிக் குச்சிகள் மாதிரி ஆகின்றன. இந்தக் குச்சிகள்தான் குரோமோசோம்கள். சாயம் போட்டால் அந்தச் சாயத்தை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், கிரேக்க மொழியில் வண்ண உடல் என்று பொருள்படும் இந்தப் பெயர் 1888-ல் வைக்கப்பட்டது.

மனிதர்களுக்கு மொத்தம் 46 குரோமோசோம்கள். அதாவது 23 ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அம்மாவிடமிருந்து வந்தது, இன்னொன்று அப்பாவிடமிருந்து வந்தது. இதில் 22 ஜோடிகள் ஆண், பெண் இருவருக்கும் ஒரே மாதிரிதான். 23-வது ஜோடியில்தான் வித்தியாசம். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய்.

கருமுட்டையும் விந்தணுவும் உருவாகும்போது, ஜோடிகள் பிரிந்து ஆளுக்குப் பாதியாகப் போகும். அம்மாவிடம் எக்ஸ் மட்டுமே இருப்பதால், எல்லா முட்டையிலும் எக்ஸ்தான். அப்பாவின் விந்தணுக்களில் பாதி எக்ஸைச் சுமக்கும், பாதி ஒய்யைச் சுமக்கும். முட்டையை எது போய்ச் சேர்கிறதோ, அதைப் பொறுத்தது குழந்தை.

இவ்வளவு சிம்பிளான விஷயத்தைக் கண்டுபிடிக்க ஏன் அவ்வளவு காலம் ஆனது?

சூடா, சோறா, சூழலா?

தந்தையின் உடல் வெப்பம்தான் குழந்தை ஆணாகப் பிறக்கக் காரணம் என்று நம்பினார் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில். 19-ம் நூற்றாண்டின் இறுதியிலும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. தாய்க்குக் கிடைக்கும் ஊட்டச்சத்து, வெப்பநிலை மாதிரியான வெளிக்காரணங்களே பாலினத்தைத் தீர்மானிக்கின்றன என்பதுதான் பல உயிரியலாளர்களின் கருத்து.

நடுவில் ஒரு துப்பு கிடைத்தது. 1891-ல் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் ஹென்கிங், ஒரு பூச்சியின் விந்தணுக்களை ஆராய்ந்தபோது, பாதி விந்தணுக்களில் மட்டும் கூடுதலாக ஏதோ ஒன்று இருப்பதைப் பார்த்தார். அது என்னவென்று அவருக்குப் புரியவில்லை. அதனால் எக்ஸ் என்று குறித்துவைத்தார். இன்று நாம் சொல்லும் எக்ஸ் குரோமோசோமின் பெயர் அங்கிருந்து வந்ததுதான். பார்ப்பதற்கு எக்ஸ் எழுத்து மாதிரி இருப்பதால் வந்த பெயர் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு.

அடுத்து 1901-02-ல் அமெரிக்கர் கிளாரன்ஸ் மெக்லங், இந்தக் கூடுதல் குரோமோசோமுக்கும் பாலினத்துக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று சொன்னார். சரியான திசைதான். ஆனால், அது சேர்ந்தால் ஆண் பிறக்கும் என்று தலைகீழாகச் சொல்லிவிட்டார். பெண் பூச்சியின் செல்களில் எண்ணிக்கை சரியாகப் பிடிபடாததுதான் அந்தக் குழப்பத்துக்குக் காரணம்.

சம்பளத்தைச் சேர்த்துவைத்துப் படித்தவர்

நெட்டி ஸ்டீவன்ஸ் பிறந்தது 1861-ம் ஆண்டு ஜூலை 7-ம் தேதி, அமெரிக்காவின் வெர்மான்ட் மாகாணத்தில் உள்ள காவெண்டிஷ் என்ற ஊரில். சின்ன வயதிலேயே அம்மா இறந்துவிட்டார். தச்சு வேலை செய்த அப்பா மறுமணம் செய்துகொண்டு, குடும்பத்தோடு மாசசூசெட்ஸ் மாகாணத்தின் வெஸ்ட்ஃபோர்டுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே நெட்டியும் அவர் தங்கை எம்மாவும் நன்றாகப் படித்தார்கள்.

1880-ல் பள்ளிப் படிப்பு முடிந்தது. அந்தக் காலத்தில் படித்த பெண்ணுக்குத் திறந்திருந்த கதவுகள் மிகக் குறைவு. டீச்சர் வேலை அதில் ஒன்று. அதற்குத்தான் போனார். கொஞ்ச நாள் சம்பாதித்துவிட்டு வெஸ்ட்ஃபீல்டு ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். நான்கு வருடப் படிப்பை இரண்டே வருடத்தில் முடித்தார். பிறகு மீண்டும் வேலை. ஆசிரியராகவும் நூலகராகவும் பத்து வருடத்துக்கு மேல் ஓடிப்போனது.

1896-ல், 35 வயதில், சேர்த்துவைத்த பணத்தோடு கலிஃபோர்னியாவுக்குப் போய் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்பில் சேர்ந்தார். இப்போது உலகப் புகழ் பெற்ற அந்தப் பல்கலைக்கழகம், அப்போது தொடங்கி ஐந்து வருடமே ஆகியிருந்தது. உடன் படித்தவர்கள் பெரும்பாலும் அவரைவிடப் பத்து, பதினைந்து வயது சின்னவர்கள். 1899-ல் இளநிலைப் பட்டம், 1900-ல் முதுநிலைப் பட்டம்.

அடுத்த நிறுத்தம் பென்சில்வேனியாவில் இருந்த பிரின் மார் பெண்கள் கல்லூரி. பெண்களுக்கு டாக்டர் பட்டம் வழங்கிய வெகுசில இடங்களில் ஒன்று. பின்னாளில் நோபல் பரிசு பெறப்போகும் தாமஸ் ஹன்ட் மார்கன் அப்போது அங்கே பேராசிரியர். நெட்டியின் திறமைக்காகக் கிடைத்த உதவித்தொகையில் இத்தாலியின் நேப்பிள்ஸ் கடல் உயிரியல் ஆய்வகத்துக்கும், ஜெர்மனியில் குரோமோசோம் ஆய்வின் ஜாம்பவான் தியோடர் போவேரியின் ஆய்வகத்துக்கும் போய் வேலை கற்றார். 1903-ல் டாக்டர் பட்டம். அப்போது அவருக்கு வயது 41.

பட்டம் கிடைத்தது. ஆனால், ஆய்வை மட்டும் செய்ய வழிவிடும் வேலை கிடைக்கவில்லை. கார்னெகி நிறுவனத்துக்கு நிதி கேட்டு விண்ணப்பித்தார். 12 வருடங்களில் தான் பார்த்த ஆராய்ச்சி மாணவர்களில் இவ்வளவு திறமையாக, இவ்வளவு சுயமாக வேலை செய்தவர் வேறு யாரும் இல்லை என்கிற பொருளில் மார்கன் பரிந்துரைக் கடிதம் எழுதினார். நிதி கிடைத்தது. எந்தத் தலைப்பில் ஆய்வு செய்யப்போகிறார் தெரியுமா? பாலினத்துக்கும் குரோமோசோமுக்கும் சம்பந்தம் உண்டா என்பதுதான்.

20-க்கு 20, 20-க்கு 19

கறையான், கரப்பான், அசுவினி என்று சில பூச்சிகளை எடுத்துக்கொண்டார் ஸ்டீவன்ஸ். அதில் ஒன்று, பழைய மாவு மூட்டையில் நெளியுமே, அந்த மாவுப் புழு. இப்போது மீன், பறவை வளர்ப்பவர்கள் மீல்வார்ம் என்று தீவனமாக வாங்குகிறார்கள். அது வளர்ந்து கறுப்பு வண்டாக மாறும்.

வேலை முறையைக் கேட்டாலே கண் வலிக்கும். வண்டை அறுத்து, இனப்பெருக்க உறுப்பைத் தனியே எடுக்க வேண்டும். அதைப் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் வைத்துச் சாயம் போட வேண்டும். அதற்குள் ஆயிரக்கணக்கான செல்கள் இருக்கும். அவற்றில் சரியாகப் பிரியும் நிலையில் உள்ள செல்லைத் தேடிப்பிடித்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் குரோமோசோம்களைப் பிரித்தறிந்து எண்ணி, பார்த்ததைக் கையால் வரைய வேண்டும். இதைத் திரும்பத் திரும்பச் செய்தார்.

பெண் வண்டின் உடல் செல்களில் 20 குரோமோசோம்கள். இருபதும் பெரியவை. ஆண் வண்டின் உடல் செல்களிலும் 20 இருந்தன. ஆனால், 19 மட்டுமே பெரியவை. 20-வது ரொம்பவே சின்னது.

அடுத்து விந்தணுக்களைப் பார்த்தார். பாதி விந்தணுக்களில் பெரிய குரோமோசோம்கள் பத்து. மீதிப் பாதியில் பெரியவை ஒன்பது, கூடவே அந்தச் சின்னது ஒன்று. முட்டைகள் எல்லாவற்றுக்கும் கிடைப்பது பத்துப் பெரிய குரோமோசோம்கள்தான்.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். பத்துப் பெரியவை உள்ள விந்தணு முட்டையோடு சேர்ந்தால் 20 பெரியவை. அது பெண். சின்னதைச் சுமக்கும் விந்தணு சேர்ந்தால் 19 பெரியவையும் ஒரு சின்னதும். அது ஆண். விடை இதுதான். முட்டையும் விந்தணுவும் சேரும் நொடியிலேயே விஷயம் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு தாய் என்ன சாப்பிட்டாலும் மாறப்போவதில்லை.

இதில் ஸ்டீவன்ஸின் சாமர்த்தியம் எங்கே இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அதுவரை பெரும்பாலானவர்கள் விந்தணுவை மட்டும் பார்த்துவிட்டு யூகித்தார்கள். ஸ்டீவன்ஸ் ஆண், பெண் இரண்டின் உடல் செல்களையும் எடுத்து ஒப்பிட்டார். அந்த ஒப்பீடு இல்லையென்றால், அந்தக் குட்டிக் குரோமோசோம் ஏதோ உடைந்த துண்டு என்று யாரும் கடந்துபோயிருப்பார்கள். அந்தத் துண்டைத்தான் இன்று நாம் ஒய் குரோமோசோம் என்கிறோம்.

1905-ல் இந்த ஆய்வை கார்னெகி நிறுவனம் வெளியிட்டது. அதே ஆண்டில், அசுவினி பற்றிய இன்னொரு கட்டுரைக்காக, பெண் விஞ்ஞானிகளின் சிறந்த கட்டுரைக்கான 1,000 டாலர் பரிசும் அவருக்குக் கிடைத்தது.

புகழ் யாருக்குப் போனது?

அதே 1905-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் எட்மண்ட் வில்சனும் தனியாக இதே முடிவை நோக்கி வந்துகொண்டிருந்தார். அவர் முதலில் ஆராய்ந்த பூச்சிகள் சிலவற்றில் ஆணுக்கு ஒய் கிடையாது, ஒரு குரோமோசோம் குறைவு, அவ்வளவுதான். வேறு சில பூச்சிகளில் பெரியது, சின்னது என்ற ஜோடியையும் பார்த்தார். ஸ்டீவன்ஸின் மாவுப் புழு முடிவைத் தன் கட்டுரையில் குறிப்பிடவும் செய்தார். அந்த வகையில் வில்சன் நேர்மையாகவே நடந்துகொண்டார். ஆனால், சூழலுக்கும் பங்கிருக்கலாம் என்ற எண்ணத்தை அவரால் உடனே கைவிட முடியவில்லை. ஸ்டீவன்ஸ் அவரைவிடத் தெளிவாகக் குரோமோசோம் பக்கம் நின்றார்.

இருந்தும், வில்சன் ஏற்கெனவே பெரிய பெயர். எக்ஸ், ஒய் என்ற பெயர்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். எனவே பாடப்புத்தகங்கள் பல காலம் வில்சனை முன்னே வைத்தன. சில புத்தகங்கள் மார்கனையே கண்டுபிடிப்பாளராகக் காட்டின. உண்மையில், குரோமோசோம்தான் பாலினத்தைத் தீர்மானிக்கிறது என்பதை மார்கன் ரொம்ப நாள் ஏற்றுக்கொள்ளவே இல்லை. 1910-ல் பழ ஈயில் வெள்ளைக் கண் பண்பைத் தொடர்ந்துபோன பிறகுதான் அவர் மனம் மாறினார். அந்த ஈ ஆய்வுகளுக்காக 1933-ல் நோபல் பரிசு பெற்றார்.

ஒரு புழுவை வைத்து உலகத்துக்கே விதி சொல்ல முடியாது என்பது ஸ்டீவன்ஸுக்குத் தெரியும். எனவே நிறுத்தவில்லை. சுமார் 50 வகை வண்டுகளையும், பழ ஈ உள்பட ஒன்பது வகை ஈக்களையும் ஆராய்ந்து, பெரியது, சின்னது என்ற ஜோடி பலவற்றிலும் இருப்பதைக் காட்டினார். மொத்தம் சுமார் 40 ஆய்வுக் கட்டுரைகள். அதுவும் பத்தே ஆண்டுகளில்.

பிரின் மார் கல்லூரி கடைசியாக அவருக்கென்றே ஓர் ஆராய்ச்சிப் பேராசிரியர் பதவியை உருவாக்கியது. வாழ்நாள் முழுக்க அவர் காத்திருந்த வேலை அது. ஆனால், அதில் உட்கார முடியவில்லை. மார்பகப் புற்றுநோய் முந்திக்கொண்டது. 1912-ம் ஆண்டு மே 4-ம் தேதி, பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், 50 வயதில் இறந்தார். மார்கன் எழுதிய அஞ்சலிக் கட்டுரையில் அவரது பொறுமையையும் கூர்ந்த பார்வையையும் பாராட்டினார். ஒரு முக்கியக் கண்டுபிடிப்பில் அவருக்கும் பங்குண்டு என்று எழுதினார். பங்குண்டு என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

பூச்சியிலிருந்து மனிதனுக்கு: 48-ஆ, 46-ஆ?

ஸ்டீவன்ஸ் பார்த்தது பூச்சிகளில். மனிதனில்? 1923-ல் அமெரிக்கர் தியோஃபிலஸ் பெய்ன்டர் மனிதனுக்கும் எக்ஸ், ஒய் உண்டு என்று காட்டினார். ஆனால், மொத்த எண்ணிக்கை 48 என்று சொல்லிவிட்டார். அடுத்த 30 வருடங்களுக்கு மேல் உலகமே 48 என்று படித்தது. பின்னால் எண்ணியவர்களும், 48 இருக்கும் என்ற நம்பிக்கையோடேயே எண்ணினார்கள்.

பிரச்னை, குரோமோசோம்கள் நூடுல்ஸ் மாதிரி பின்னிக் கிடப்பதுதான். 1952-ல் டெக்சாஸில் டி.சி.ஷூ என்ற விஞ்ஞானியின் ஆய்வகத்தில், தற்செயலாக உப்புக் குறைவான கரைசல் செல்களின் மேல் பட்டது. தண்ணீரை உறிஞ்சிச் செல்கள் உப்பின. உள்ளே இருந்த குரோமோசோம்கள் விலகி அழகாகப் பரவின. இந்த உத்தியை மேம்படுத்தி, 1955 டிசம்பரில் ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஜோ ஹின் சியோ எண்ணிப் பார்த்தார். 46. ஆல்பர்ட் லெவானுடன் சேர்ந்து 1956-ல் அதை வெளியிட்டார். அப்போதிலிருந்துதான் நாம் 46 என்று படிக்கிறோம்.

இன்று லேபில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கேரியோடைப்பிங் என்ற டெஸ்ட்டைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். திரும்பத் திரும்பக் கருச்சிதைவு ஆகிறவர்களுக்கும், குழந்தையின்மைக்குச் சிகிச்சை எடுப்பவர்களுக்கும் டாக்டர்கள் எழுதித் தருவதுண்டு. அதன் படிகள் இவை:

1. கொஞ்சம் ரத்தம் எடுத்து, வெள்ளையணுக்களை ஆய்வகத்தில் வளர வைப்பார்கள். பொதுவாக மூன்று நாள் ஆகும்.

2. செல்கள் பிரியும்போது ஒரு மருந்தைச் சேர்த்து, பாதியிலேயே நிறுத்துவார்கள். அப்போதுதான் குரோமோசோம்கள் நன்றாகச் சுருண்டு தெளிவாகத் தெரியும்.

3. உப்புக் குறைந்த கரைசலில் போட்டுச் செல்லை உப்பவைப்பார்கள். பிறகு பதப்படுத்தி, கண்ணாடித் தகட்டில் சொட்டுவிட்டுப் பரப்புவார்கள்.

4. சாயம் போடுவார்கள். 1970 வாக்கில் வந்த உத்திகளால், ஒவ்வொரு குரோமோசோமிலும் வெளிர், அடர் பட்டைகள் தெரியும். கிட்டத்தட்ட பார்கோடு மாதிரி.

5. படமெடுத்து, ஜோடி ஜோடியாக வரிசைப்படுத்துவார்கள். பெரியதிலிருந்து சிறியதுவரை 1 முதல் 22 வரை எண், கடைசியில் எக்ஸ், ஒய்.

அடையாளம் காண மூன்று விஷயங்களைப் பார்ப்பார்கள். நீளம் எவ்வளவு, நடுவே இடுப்பு மாதிரி ஒடுங்கும் இடம் எங்கே, பட்டைகள் எப்படி அமைந்திருக்கின்றன. எக்ஸ் நடுத்தரத்துக்குக் கொஞ்சம் மேலான அளவு. ஒய் மிகச் சின்னவற்றில் ஒன்று, 21, 22-க்கு அருகில் நிற்கும். எக்ஸில் 15 கோடிக்கும் அதிகமான டிஎன்ஏ எழுத்துகள் இருக்கின்றன. ஒய்யில் சுமார் 6 கோடிதான். ஒய்யை முதல் எழுத்து முதல் கடைசி எழுத்து வரை முழுமையாகப் படித்து முடித்ததே 2023-ல்தான்.

எக்ஸ்எக்ஸ், எக்ஸ்ஒய் மட்டும்தானா?

இல்லை. 1959-ல் இரண்டு முக்கியமான விஷயங்கள் தெரியவந்தன. க்ளைன்ஃபெல்டர் சிண்ட்ரோம் உள்ள ஆண்களிடம் எக்ஸ்எக்ஸ்ஒய் என்று 47 குரோமோசோம்கள் இருக்கலாம். டர்னர் சிண்ட்ரோம் உள்ள பெண்களிடம் ஒரே ஒரு எக்ஸ் மட்டும் இருக்கலாம். இதிலிருந்து, மனிதனில் எத்தனை எக்ஸ் இருக்கிறது என்பதைவிட ஒய் இருக்கிறதா என்பதே ஆண் உடல் உருவாக முக்கியம் என்று புரிந்தது. பழ ஈயில் அப்படி இல்லை. அங்கே எக்ஸின் எண்ணிக்கைதான் பேசும்.

ஒய்யில் எந்த இடம்? 1990-ல் அதுவும் தெரிந்தது. எஸ்ஆர்ஒய் என்ற ஒரே ஒரு மரபணு, கருவில் விதைப்பை உருவாவதைத் தொடங்கிவைக்கும் சுவிட்ச். அரிதாக அந்தத் துண்டு இடம்மாறி எக்ஸில் ஒட்டிக்கொண்டால், எக்ஸ்எக்ஸ் உள்ளவருக்கும் ஆண் உடல் அமையலாம். அது வேலை செய்யாமல் போனால், எக்ஸ்ஒய் உள்ளவருக்குப் பெண் உடல் அமையலாம். ஆக, அந்த இரண்டு மார்க் பதில் சரிதான். ஆனால், முழுப் பதில் அல்ல.

மற்ற உயிர்களுக்கு வேறு கணக்கு. கோழி உள்ளிட்ட பறவைகளில் இரண்டு மாதிரிக் குரோமோசோம்கள் இருப்பது பெண்ணிடம். முதலைகளிலும் பல ஆமைகளிலும் முட்டை இருக்கும் இடத்தின் வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது.

120 வருடப் பழைய விடை, இன்னும் ஓயாத கேள்வி

1994-ல் அமெரிக்காவின் தேசிய மகளிர் புகழ்க்கூடத்தில் ஸ்டீவன்ஸின் பெயர் சேர்ந்தது. 2016-ல் அவரது 155-வது பிறந்தநாளுக்கு கூகுள் டூடுல் போட்டது. அவர் ஆசிரியர் பயிற்சி படித்த இடம் இன்று வெஸ்ட்ஃபீல்டு மாநிலப் பல்கலைக்கழகம். அங்கே 2017-ல் திறக்கப்பட்ட அறிவியல் கட்டடத்துக்கு அவர் பெயர்தான்.

அவர் கண்டுபிடித்த விஷயம் மட்டும் நம் வீடுகளுக்குள் இன்னும் முழுசாக வந்து சேரவில்லை. இரண்டாவதும் பெண் குழந்தை என்றால், பேச்சு கேட்பது இன்னமும் மருமகள்தான். கருவில் இருப்பது ஆணா, பெண்ணா என்று பார்த்துச் சொல்வதை இந்தியாவில் 1994-ம் ஆண்டிலேயே சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியிருந்தது. ஸ்கேன் மையங்களுக்கு மட்டுமல்ல, கருவின் குரோமோசோமைப் பரிசோதிக்கும் ஆய்வகங்களுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும்.

தாயின் முட்டையில் எப்போதும் எக்ஸ்தான். வித்தியாசம் வருவது விந்தணுவிலிருந்து. அதற்காக அப்பாவைக் குற்றம் சொல்லவும் இடமில்லை. கோடிக்கணக்கான விந்தணுக்களில் எது முந்தும் என்பது அவர் கையிலும் இல்லை. அடுத்த முறை உங்கள் வீட்டில் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், மாவு மூட்டையில் கிடந்த ஒரு புழுவையும், அதன் குரோமோசோம்களை உட்கார்ந்து எண்ணிய நெட்டி ஸ்டீவன்ஸையும் பற்றிச் சொல்லுங்கள்.